வால்வு லீக்: நெஞ்சைத் திறப்பதா, விலா இடுக்கு வழியா, கிளிப்பா?

எக்கோ ரிப்போர்ட்டில் 'சிவியர் எம்.ஆர்.' (இதயத்தின் மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு) என்று எழுதி வந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: நெஞ்சைத் திறக்காமல் முடியாதா? விலா இடுக்கில் சின்னக் கீறல் போட்டே செய்கிறார்களாம் என்று யூடியூபில் பார்த்த ஒருவர் சொல்வார். தொடையில் குழாய் விட்டுக் கிளிப் மாட்டி இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பார் இன்னொருவர். அதெல்லாம் எதற்கு, மாத்திரையிலேயே ஓட்டலாம் என்பார் பெரியவர் ஒருவர். மூன்றும் நிஜமாகவே நடப்பவைதான். ஆனால் காயத்தின் நீளத்தை வைத்து இவற்றை ஒப்பிட ஆரம்பித்தால் தப்பான இடத்தில்தான் போய் நிற்போம் என்பது என் கருத்து. வால்வைச் சரிசெய்வதே இடது கீழறையைக் காப்பாற்றத்தான். அந்த அறை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, சிகிச்சைக்குப் பிறகு எவ்வளவு கசிவு மிஞ்சும் என்ற இரண்டையும் கேட்ட பிறகு கீறலைப் பற்றிப் பேசலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மைட்ரல் வால்வை மட்டும். நுரையீரலில் சுத்தமான ரத்தம் இடது மேலறைக்கு வந்து, இந்த வால்வைத் தாண்டி இடது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை சுருங்கும்போது வால்வு மூடிக்கொள்ள வேண்டும். ரத்தம் முழுக்கப் பெருந்தமனிக்குப் போக வேண்டும். இரட்டைக் கதவு போல இரண்டு இதழ்கள். அவை மேலறைப் பக்கம் புரண்டுவிடாதபடி கீழிருந்து மெல்லிய நாண்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. இதழ் தொய்ந்துபோனாலோ நாண் அறுந்தாலோ இடைவெளி விழுந்து ரத்தம் பின்னால் பீய்ச்சும். இது வால்வின் கோளாறு. வேறொரு வகையும் உண்டு: இதழில் குறையே இருக்காது, ஆனால் மாரடைப்பாலோ வேறு காரணத்தாலோ கீழறை வீங்கிப் பெரிதாகி, இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் போயிருக்கும். இது தசையின் கோளாறு. ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் எம்.ஆர். என்றே எழுதியிருப்பார்கள். சிகிச்சைக் கணக்கு இரண்டிலும் தலைகீழ். உங்களுக்கு இருப்பது எது என்று தெரியாமல் இந்தக் கட்டுரையின் மீதியைப் படித்துப் பயனில்லை. டாக்டரிடம் முதலில் அதைக் கேளுங்கள்.

பம்பிங் 65 சதவீதம், ஆனால் நம்ப முடியாது

நம் ஊரில் இதய நோய் என்றாலே 'பம்பிங் எவ்வளவு?' என்றுதான் கேட்பார்கள். எக்கோவில் இ.எஃப். என்று போட்டிருக்கும் எண் அது. கீழறையில் நிறைந்த ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே அதன் கணக்கு. வெளியேறியது எந்தப் பக்கம் போனது என்று அந்த எண் பார்ப்பதில்லை. வால்வு கசியும் நோயாளியிடம் இது பெரிய ஏமாற்று வேலையாகிவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கசிவு முற்றிய ஒருவரின் கீழறையில் 200 மில்லி ரத்தம் நிறைகிறது, 130 மில்லி வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இ.எஃப். 65 சதவீதம், பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் அந்த 130-இல் 60 மில்லி பின்னால் மேலறைக்குப் போய்விட்டது. உடம்புக்குக் கிடைத்தது 70 மில்லிதான், அதாவது நிறைந்ததில் 35 சதவீதம். (ஒரு துடிப்புக்கு 60 மில்லியோ அதற்கு மேலோ பின்னால் போனால் 'சிவியர்' என்பது எக்கோ நிபுணர்கள் வைத்திருக்கும் அளவுகோல்களில் ஒன்று.) கீழறைக்கு இதில் ஒரு சௌகரியமும் இருக்கிறது. பெருந்தமனியின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளுவதைவிட, அழுத்தம் குறைந்த மேலறைக்குள் தள்ளுவது சுலபம். தசை தளர ஆரம்பித்த பிறகும் இந்தச் சுலப வழி இருப்பதால் இ.எஃப். கீழே இறங்காமல் நிற்கும்.

இதனால்தான் கசிவு நோயாளிக்கு 60 சதவீதம் என்பதே எச்சரிக்கைக் கோடு. 2020-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல்படி, வால்வின் கோளாறால் வந்த கடுமையான கசிவில், தொந்தரவே இல்லாவிட்டாலும், இ.எஃப். 60 அல்லது அதற்குக் கீழே வந்தாலோ, சுருங்கிய நிலையில் கீழறையின் குறுக்களவு 40 மில்லிமீட்டரைத் தொட்டாலோ அறுவை சிகிச்சைக்கு நேரமாகிவிட்டது. மற்ற இதய நோயாளிகளுக்கு 58 என்றால் 'நார்மல், பயப்படாதீங்க' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இவருக்கு அது நார்மல் இல்லை.

அப்புறம், இந்தக் கணக்கின் மறுபாதி. வால்வைச் சரிசெய்து பின்வழியை அடைத்துவிட்டோம். இப்போது கீழறையில் 150 மில்லி நிறைகிறது, 80 மில்லி வெளியேறுகிறது, எல்லாமே முன்னால். இ.எஃப். 53 சதவீதம். ரிப்போர்ட்டைப் பார்க்கும் குடும்பம் அலறும்: ஆபரேஷனுக்கு முன்னால் 65 இருந்ததே! ஆனால் உடம்புக்குப் போகும் ரத்தம் 70-லிருந்து 80 ஆகக் கூடியிருக்கிறது, அறையும் சுருங்கிச் சிறிதாகியிருக்கிறது. சிகிச்சைக்குப் பின் இ.எஃப். ஐந்து முதல் பத்து புள்ளி குறைவது எதிர்பார்த்ததே. முன்பு 60-க்கு மேல் இருந்து, அறையும் அளவாக இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் நல்ல இடத்தில் நிலைக்கும். முன்பே 50-க்கு இறங்கியிருந்தவருக்கு அதே பத்துப் புள்ளி குறைந்தால் 40-இல் போய் நிற்கும். அது திரும்ப ஏறும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள்.

தள்ளிப்போட்டால்?

மாத்திரையில் ஓட்டலாம் என்ற பெரியவரின் யோசனைக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. நாண் அறுந்ததை ஒட்டவைக்கும் மாத்திரை கிடையாது. நீர் மாத்திரை மூச்சு வாங்குவதைக் குறைக்கும், அவ்வளவே. மறுபாதி பதில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் கிடைக்கிறது. நாண் அறுந்து இதழ் ஆடிக்கொண்டிருந்த, ஆனால் ஆபரேஷனுக்கான கட்டாயக் காரணம் இன்னும் வராத சுமார் ஆயிரம் பேரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தொடர்ந்து கவனித்தார்கள். சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பத்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் 86 சதவீதம், காத்திருந்தவர்களில் 69. குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வு இல்லை இது, அதனால் எண்களை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனாலும் 17 புள்ளி வித்தியாசத்தைச் சாக்குச் சொல்லித் தள்ளிவிட முடியாது.

காத்திருப்பது தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. கசிவு நடுத்தரமாக இருந்தால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஓர் எக்கோ எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். கடுமையான கசிவோடு, 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, மாடி ஏறுகிறேனே' என்று எக்கோவும் எடுக்காமல் இருப்பதுதான் விபரீதம். மாடி ஏறுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டதை நாமே கவனித்திருக்க மாட்டோம். சந்தேகம் இருந்தால் டிரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்ப்பார்கள்.

நடு நெஞ்சா, வலப்பக்க விலாவா

பழைய வழி நமக்குத் தெரிந்ததுதான். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தோடு இணைத்து, இதயத்தை நிறுத்தி, மேலறையைத் திறந்து வால்வைச் சரிசெய்வது. தொய்ந்த பகுதியை வெட்டித் தைக்கலாம், அறுந்த நாணுக்குப் பதில் கோர்டெக்ஸ் என்ற செயற்கை நூலைக் கட்டலாம். கடைசியில் வால்வின் சுற்றளவு அகலாமலிருக்க ஒரு வளையம் வைத்துத் தைப்பார்கள். இந்தக் கலையை முறைப்படுத்தியவர் பாரிஸின் அலேன் கார்பென்டியே. 1996-இல் வீடியோ கேமரா உதவியோடு சிறு கீறல் வழியாகவும், 1998-இல் ரோபோ வழியாகவும் மைட்ரல் வால்வை முதலில் சரிசெய்ததும் அவர்தான்.

விலா இடுக்கு வழியில், வலது மார்புக்குக் கீழே நான்கைந்து சென்டிமீட்டரிலிருந்து ஏழெட்டு வரை ஒரு கீறல். பெண்களுக்கு மார்பகத்தின் கீழ் மடிப்பிலேயே அது மறைந்துவிடும். எலும்பை வெட்டுவதில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு, கேமரா ஒன்றும் நீளமான கருவிகளும் உள்ளே போகும். பலர் நினைப்பதுபோல இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே இது நடப்பதில்லை. இயந்திரத்தோடு இணைப்பார்கள், அதன் குழாய்கள் தொடை இடுக்கின் ரத்தக்குழாய்கள் வழியாகப் போகும். இதயத்தை நிறுத்துவார்கள். உள்ளே செய்யும் தையல், நாண், வளையம் எல்லாம் அதே. ஒரு வித்தியாசம், இடம் குறுகலாக இருப்பதால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். இதயம் நின்றிருக்கும் நேரமும் கூடும். கீழறை முன்பே பலவீனமாக இருப்பவருக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

சரி, இதயத்துக்கு எது நல்லது? இதற்கு நேரான பதில் 2023-இல் கிடைத்தது. பிரிட்டனில் பத்து மருத்துவமனைகளில் 330 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நடு நெஞ்சு வழியாகவும் மறுபாதிக்கு விலா வழியாகவும் மைட்ரல் வால்வைச் சரிசெய்தார்கள். செய்தவர்கள் எல்லோரும் அந்த முறையில் கை தேர்ந்தவர்கள். 12 வாரம் கழித்து, நோயாளிகள் எவ்வளவு நடமாடுகிறார்கள், என்னென்ன வேலை செய்ய முடிகிறது என்று அளந்தபோது இரு பக்கமும் வித்தியாசமில்லை. வால்வை மாற்றாமல் சரிசெய்ய முடிந்தது இரு பக்கமும் ஏறக்குறைய 96 சதவீதம் பேருக்கு. ஒரு வருடம் கழித்து எக்கோவிலும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான். ஆஸ்பத்திரியில் இருந்த நாள் மட்டும் விலா வழியில் சராசரியாக ஒரு நாள் குறைவு. நான்கு நாளுக்குள் வீடு திரும்பியவர்கள் விலா வழியில் மூன்றில் ஒருவர், நடு நெஞ்சு வழியில் ஏழில் ஒருவர்.

ஆக, வால்வு ஒழுங்காகச் சரிசெய்யப்பட்டதா என்பதுதான் கீழறைக்கு முக்கியம். கை எந்த வழியாக உள்ளே வந்தது என்பது அதற்குப் பொருட்டில்லை. விலா வழியின் லாபம் முழுக்க உங்கள் முதல் இரண்டு மூன்று மாத வாழ்க்கையில் இருக்கிறது, இதயத்தில் இல்லை. அந்த லாபத்தை நான் சின்னதாகச் சொல்லவில்லை. நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும்; அதுவரை குடம் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது. தினக்கூலிக்குப் போகிறவருக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் இது பெரிய விஷயம். நடு நெஞ்சில் தழும்போடு வாழ விரும்பாத இளம்பெண்ணின் காரணமும் காரணம்தான். அதை அலங்கார ஆசை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விலா வழி எல்லோருக்கும் ஒத்துவராது. தொடை ரத்தக்குழாயில் அடைப்போ பெருந்தமனியில் சுண்ணாம்போ இருந்தால் குழாய் விடுவதே ஆபத்து, பக்கவாதம் வரலாம். அதனால் முன்கூட்டியே சி.டி. எடுத்துப் பார்ப்பார்கள். வலது நுரையீரலில் பழைய காசநோய்த் தழும்பு ஒட்டிக்கொண்டிருப்பது நம் ஊரில் அபூர்வமில்லை, அதுவும் தடைதான். கூடவே பைபாஸ் தேவைப்பட்டால் பெரும்பாலும் நடு நெஞ்சுதான். ரோபோவைப் பொறுத்தவரை, தேர்ந்த கையில் அருமையான கருவி; பில் தொகை கூடும்; மிச்சமெல்லாம் மேலே சொன்னதேதான்.

விளம்பரத்தில் வராத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் மைட்ரல் அறுவை சிகிச்சைப் பதிவேடுகளை அலசி 2017-இல் வந்த ஆய்வு அது. வருடத்துக்குப் பத்தோ அதற்குக் குறைவாகவோ செய்யும் சர்ஜன்கள் சராசரியாக 48 சதவீத வால்வுகளைத்தான் சரிசெய்தார்கள், மீதியை மாற்றிவிட்டார்கள். ஐம்பதுக்கு மேல் செய்பவர்கள் 77 சதவீதத்தைச் சரிசெய்தார்கள். நடு நெஞ்சு, விலா என்ற வேறுபாட்டைவிட இந்த வேறுபாடு எவ்வளவோ பெரியது. மாதத்துக்கு ஒன்று விலா வழியில் செய்பவரைவிட, வாரத்துக்கு ஒன்று நடு நெஞ்சில் செய்பவரிடம் நான் போவேன்.

கிளிப்

இத்தாலியின் ஒட்டாவியோ அல்ஃபியேரி 1990-களின் தொடக்கத்தில் ஓர் எளிய தந்திரம் செய்தார்: கசியும் இடத்தில் இரண்டு இதழ்களின் விளிம்பையும் நடுவில் சேர்த்து ஒரு தையல். வால்வுக்கு ஒரு வாய்க்குப் பதில் இரண்டு சின்ன வாய். கசிவு குறைந்தது. அந்தத் தையலைத்தான் கிளிப் இப்போது குழாய் வழியாகச் செய்கிறது. தொடை நரம்பு என்று நாம் சொல்லும் சிரையில் குழாய் விட்டு, வலது மேலறைக்குப் போய், நடுச்சுவரைத் துளைத்து இடது பக்கம் வந்து, உணவுக்குழாய் வழி எக்கோவில் பார்த்துக்கொண்டே இதழ்களைக் கவ்வ வைப்பார்கள். இதயம் நிற்பதில்லை. இயந்திரம் வேண்டாம். அபாட் நிறுவனத்தின் மைட்ராகிளிப் ஐரோப்பாவில் 2008-இலும் அமெரிக்காவில் 2013-இலும் அனுமதி பெற்றது. குஜராத்தின் வாபியில் இருக்கும் மெரில் நிறுவனமும் இதே வகைக் கிளிப் ஒன்றைத் தயாரிக்கிறது.

கீறலை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை, கிளிப்தான் ஜெயிக்கும். கசிவைப் பார்த்தால் கதை வேறு. 2011-இல் வெளியான எவரெஸ்ட் இரண்டாம் ஆய்வில் 279 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குக் கிளிப், ஒரு பங்குக்கு அறுவை சிகிச்சை. முதல் 30 நாளில் பெரிய சிக்கல்கள் கிளிப்பில் 15 சதவீதம், அறுவையில் 48. ஆனால் இந்த 48-இல் பெரும்பகுதி ரத்தம் ஏற்ற வேண்டி வந்த கணக்கு. ஒரு வருட முடிவில், இறக்காமல், மறுபடி வால்வு ஆபரேஷன் தேவைப்படாமல், கடுமையான கசிவும் இல்லாமல் இருந்தவர்கள் கிளிப்பில் 55 சதவீதம், அறுவையில் 73. கிளிப் போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த வருடத்துக்குள்ளேயே ஆபரேஷன் தேவைப்பட்டது. அது பழைய தலைமுறைக் கிளிப், கைகளும் புதிது. இன்றைக்கு முடிவுகள் இதைவிட நன்றாகவே வருகின்றன. ஆனாலும் அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு ஜோடி எண் இருக்கிறது. இதயத்தின் இயக்கத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரு வருடத்தில் இ.எஃப். கிளிப்பில் சுமார் 3 புள்ளி குறைந்தது, அறுவையில் சுமார் 7 புள்ளி. மேலோட்டமாகப் படிப்பவர் 'பார்த்தீர்களா, கிளிப் இதயத்தைப் பாதிக்கவில்லை' என்பார். ஆனால் நிறைந்த நிலையில் கீழறையின் கொள்ளளவு கிளிப்பில் சராசரியாக 25 மில்லி சுருங்கியது; அறுவையில் 40 மில்லி. அதாவது அறுவை சிகிச்சை கசிவை முழுசாக அடைத்ததால் அறைக்குச் சுமை அதிகம் இறங்கியது, பின்வழிச் சலுகையும் முழுசாகப் போனதால் இ.எஃப். என்ற எண்ணும் அதிகம் இறங்கியது. கிளிப்பில் கொஞ்சம் கசிவு மிஞ்சியதால் எண் அழகாக நின்றது. இதயத்தை நிறுத்தி வைப்பதாலும் கொஞ்சம் தசைச் சோர்வு வரும், அதை மறுக்கவில்லை. அது பெரும்பாலும் தற்காலிகம்.

கிளிப்புக்கு வேறு இரண்டு கணக்கும் உண்டு. இதழ்களைச் சேர்த்துக் கவ்வும்போது வால்வின் வாய் சிறிதாகிறது. முதலிலேயே திறப்பு 4 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கசிவை நிறுத்தப் போய் அடைப்பை உண்டாக்கிவிடும் அபாயம் இருக்கிறது. அடுத்தது, கிளிப் வளையம் வைப்பதில்லை. மேலறையில் சீரற்ற துடிப்பு இருந்தால் அறுவையின்போது அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்த்து, ரத்தம் உறையும் மேலறைப் பையையும் மூடிவிடலாம். கிளிப்பில் அது நடக்காது. கிளிப் சரிவராமல் பின்னால் ஆபரேஷனுக்குப் போனால், கவ்விய இதழ்கள் சேதமாகி, சரிசெய்திருக்க வேண்டிய வால்வை மாற்ற வேண்டியதாகிவிடுவதும் உண்டு.

எனவே 55 வயதில், வேறு நோயில்லாத, பின் இதழ் மட்டும் தொய்ந்திருக்கும் ஒருவர் கிளிப் கேட்டால் நல்ல டாக்டர் மறுப்பார். அவருக்கு அனுபவமுள்ள இடத்தில் அறுவை சிகிச்சையின் உயிராபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. சரிசெய்த வால்வு பத்துப் பதினைந்து ஆண்டுக்குப் பின்னும் பெரும்பாலோருக்கு உழைக்கிறது. அதே லீக் 82 வயதில், கிட்னியும் சரியில்லாத, நடக்கவே தடுமாறும் பாட்டிக்கு வந்தால் கிளிப்தான் முதல் யோசனை. 'சிவியர்' என்பது 'மைல்டு பிளஸ்' ஆக இறங்கினாலே அவர் படுத்துத் தூங்க முடியும். அந்த வயதில் கேட்பதும் அதுதானே.

வால்வு சரி, தசைதான் கெட்டிருக்கிறது என்றால்

இரண்டாவது வகைக் கசிவுக்கு இதுவரை சொன்ன தராசு செல்லாது. இங்கே முதல் சிகிச்சை மாத்திரைதான், அதுவும் அரைகுறையாக இல்லாமல் முழு அளவில்: பீட்டா பிளாக்கர், சாக்குபிட்ரில்-வால்சார்டன், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை. தேவைப்பட்டவருக்குச் சிறப்பு பேஸ்மேக்கர். இவற்றிலேயே கீழறை சுருங்கிக் கசிவு தானாகக் குறைந்துவிடும் ஆட்கள் கணிசம்.

அதன் பிறகும் நின்றால் கிளிப். இதில் 2018-இல் ஒரே சமயத்தில் வந்த இரண்டு ஆய்வுகள் மருத்துவ உலகையே குழப்பின. அமெரிக்காவில் பெருமளவு நடந்த கோஆப்ட்டில் 614 பேர். கிளிப் போட்டவர்களில் இரண்டு ஆண்டில் இறந்தவர்கள் 29 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 46. பிரான்ஸின் மைட்ரா-எஃப்.ஆரில் 304 பேர்; இரண்டு பக்கமும் எந்த வித்தியாசமும் இல்லை. எப்படி? பிரெஞ்சு நோயாளிகளுக்குக் கீழறை ரொம்பப் பெரிது, கசிவு அந்த அளவுக்கு இல்லை. கோஆப்ட் நோயாளிகளுக்குக் கசிவு அதிகம், அறை அவ்வளவு வீங்கவில்லை; மருந்தும் முன்பே முழு அளவில் கொடுத்திருந்தார்கள். அறை கைமீறி வீங்கியபின் வால்வைச் சரிசெய்து ஆகப்போவது குறைவு என்பதே பலரும் இதற்குச் சொல்லும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. ஐந்தாண்டு முடிவில் கோஆப்ட்டில் கிளிப் போட்டவர்களிலும் 57 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மற்றவர்களில் 67. பலன் நிஜம், ஆனால் மூல நோய் தசையில் இருப்பதும் நிஜம்.

இந்த வகையில் ஓபன் ஆபரேஷனுக்குத் தனி எச்சரிக்கை தேவை. மாரடைப்பால் வந்த கடுமையான கசிவில் வளையம் வைத்துச் சரிசெய்தவர்களில் இரண்டு ஆண்டுக்குள் 59 சதவீதத்தினருக்குக் கசிவு திரும்ப வந்தது, வால்வை மாற்றியவர்களில் 4 சதவீதத்துக்குக் கீழ். 'மாற்றுவதைவிடச் சரிசெய்வதே மேல்' என்ற வாக்கு முதல் வகைக்குத்தான் பொருந்தும்.

மாற்று வால்வு, பலூன்

மாற்ற வேண்டியே வந்தால் ஒரு விஷயம் மட்டும்: பழைய வால்வின் நாண்களை முடிந்தவரை விட்டுவைக்கச் சொல்வார்கள் நல்ல சர்ஜன்கள். நாண்கள் கதவைப் பிடிப்பதோடு கீழறையின் வடிவத்தையும் தாங்குகின்றன. அவற்றை அடியோடு வெட்டினால் பம்பிங் இன்னும் அதிகமாக விழும். உலோக வால்வு போட்டால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாத மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனம் உருவாக்கி, 1990-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட டி.டி.கே.-சித்திரா வால்வு இந்த வகையில் விலை மலிவு. திசு வால்வில் நீண்டகால மாத்திரைத் தொல்லை குறைவு, ஆனால் இளம் வயதில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

நம் ஊரில் இளம் வயதினரிடம் அதிகம் பார்ப்பது சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் விளைவு. அதில் வால்வு தடித்துச் சுருங்கியிருக்கும். இதழ் தடித்துச் சுண்ணாம்பு படிந்திருந்தால் கிளிப் பிடிக்காது. ஆனால் கசிவில்லாமல் அடைப்பு மட்டும் இருந்து, இதழ்கள் இன்னும் வளையக்கூடியதாக இருந்தால், ஜப்பானின் கான்ஜி இனோவே 1980-களில் கொண்டுவந்த பலூன் முறை இருக்கிறது. கிளிப்பைவிடப் பழையது, மலிவு, பல ஊர்களில் தினமும் நடப்பது. ஒரு சதுர சென்டிமீட்டர் திறப்பு கிட்டத்தட்ட இரண்டாகும். இங்கே கீழறை பெரும்பாலும் கெட்டிருப்பதில்லை. சுமை நுரையீரலிலும் வலது பக்கத்திலும்தான் இருக்கிறது, அதனால் பலூன் விரிந்த சில நிமிடத்திலேயே மேலறை அழுத்தம் இறங்கி மூச்சு இலகுவாகும். கர்ப்பிணிகளுக்கு உயிர் காத்த சிகிச்சை இது.

பணமும் கேள்வியும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வால்வு அறுவை சிகிச்சை அதற்குள் அடங்கும் இடங்கள் உண்டு. இறக்குமதிக் கிளிப்பின் விலை மட்டுமே அந்த வரம்பைத் தாண்டிவிடும். பணத்தைக் கடன் வாங்கிக் கிளிப் போடுவது 82 வயதுப் பாட்டிக்கு நியாயமாக இருக்கலாம். 55 வயது மகனுக்கு, குறைந்த பணத்தில் அதைவிட நீடிக்கும் சிகிச்சை கிடைக்கும்போது, அதே கடன் எதற்கு?

கையில் டி.இ.இ. (உணவுக்குழாய் வழி எக்கோ) ரிப்போர்ட்டோடு சர்ஜனிடம் உட்காரும்போது கீறல் எத்தனை சென்டிமீட்டர் என்பதைக் கடைசியில் கேளுங்கள். என் கசிவு வால்வாலா, தசையாலா? எந்த இதழ், எந்தப் பகுதி? (பின் இதழின் நடுப்பகுதி என்றால் சுலபம், முன் இதழ் என்றால் கை தேர்ந்தவர் தேவை.) இ.எஃப். 60-க்கு மேலா, சுருங்கிய குறுக்களவு 40-க்குக் கீழா? போன வருடம் இப்படி எத்தனை வால்வைச் சரிசெய்தீர்கள், அதில் எத்தனையை நடுவில் மாற்ற வேண்டி வந்தது? வலது பக்க வால்வுக்கும் வளையம் வைப்பீர்களா? வைத்தால் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு கூடுகிறது. ஓர் ஆய்வில் 2.5 சதவீதத்திலிருந்து 14 சதவீதமானது. கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, கொஞ்சம் தர்மசங்கடமான கேள்வி. தையல் முடிந்து இதயம் மறுபடி துடிக்க ஆரம்பித்ததும் தியேட்டரிலேயே எக்கோ பார்ப்பார்கள். அதில் மைல்டுக்கு மேல் கசிவு தெரிந்தால், 'இதுவே போதும்' என்று நெஞ்சை மூடிவிடுவீர்களா, இல்லை இயந்திரத்தை மறுபடி இணைத்துத் திரும்பத் தைப்பீர்களா? அனுபவசாலிகள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை. திரும்பத் தைப்பேன் என்பார்கள், எந்தச் சூழ்நிலையில் அப்படிச் செய்ய மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.